குவார்ட்டர்பேக் யார்? கல்லூரி ஃபுட்பால் விவாதத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

அமெரிக்காவில் கொலம்பஸ், ஆன் ஆர்பர், டஸ்கலூசா, ஏதென்ஸ் மாதிரி ஒரு பல்கலைக்கழக ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேர்ந்தால், ஆகஸ்ட் முடிவதற்குள் யாராவது உங்களிடம் கேட்டுவிடுவார்: இந்த வருஷம் (நம்ம ஊர் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில்) யாரை குவார்ட்டர்பேக்காக இறக்கணும்? ஆபீஸ், லேப், முடிவெட்டும் கடை, பக்கத்து வீடு, எங்கே போனாலும் இதே பேச்சுதான். இதில் சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்காமல் சரியாகக் கலந்துகொள்ள பத்து வருஷம் ஆட்டம் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. எதைப் பார்ப்பது, எதை நம்பாமல் இருப்பது, என்ன கேட்பது என்று தெரிந்தால் ஒரே சீசனில் பழகிவிடும்.

ஏன் இந்த ஒரு இடத்துக்கு மட்டும் இவ்வளவு சண்டை என்றால், தாக்குதல் ஆடும் பதினொரு பேரில் கிட்டத்தட்ட எல்லா பிளேயிலும் (பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரை ஒரு பிளே) பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான், எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்பது அவர் கையில். ஓடுகிறவர்களையும் பந்து பிடிக்கிறவர்களையும் மாற்றி மாற்றி இறக்கலாம், இவரை அப்படிச் செய்ய முடியாது. கிரிக்கெட்டில் இரண்டு நல்ல விக்கெட் கீப்பர் இருந்தாலும் கையுறை ஒரு ஜோடிதான் என்பதைப் போல. பெரிய கல்லூரி அணிகளில் இந்த இடத்துக்கு மூன்று நான்கு பையன்கள் காத்திருப்பார்கள், ஒவ்வொருவரும் தன் பள்ளியில் முதல் ஆள், அதில் ஒருவர்தான் ஆடப்போகிறார்.

இரண்டு பேரில் யாருக்குத் திறமை அதிகம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் விவாதம் எங்கேயும் போகாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த லைனுக்குப் (அவரைக் காக்க முன்னால் நிற்கும் ஆட்களுக்கு) பின்னால், இந்த ரிசீவர்களோடு (எறியும் பந்தைப் பிடிக்கிறவர்களோடு), இந்த வருஷ அட்டவணையில் யார் ஜெயிக்க வைப்பார், உட்காரவைக்கப்படும் பையன் போய்விட்டால் அணியின் கதி என்ன, இதைத்தான் கோச் யோசிக்கிறார், நாமும் அதையே யோசிக்க வேண்டும்.

முதலில் ஒரு பழைய சண்டையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் ஊர் அணியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அலபாமா கதையைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்த விவாதத்தில் வரக்கூடிய எல்லா வாதமும் அதற்குள் இருக்கிறது.

ஜேலன் ஹர்ட்ஸ் 2016-இல் கல்லூரிக்கு வந்த முதல் வருஷமே அலபாமாவின் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தை ஆரம்பிக்கும் குவார்ட்டர்பேக், ஆனார். இரண்டு வருஷத்தில் அவர் ஆரம்பித்த ஆட்டங்களில் 26 வெற்றி, 2 தோல்வி. 2017 சீசன் முழுக்க அவர் எறிந்ததில் எதிரணி பிடித்தது ஒரே ஒரு தடவை. இப்படிப்பட்ட ஒருவரைத்தான் 2018 ஜனவரி 8-ஆம் தேதி அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில், பாதி நேரத்தில் 13-0 என்று பின்தங்கியிருந்தபோது, கோச் நிக் சேபன் உட்காரவைத்தார். அதுவரை ஹர்ட்ஸ் எறிந்தது 8, போய்ச் சேர்ந்தது 3, கிடைத்தது 21 யார்டு. உள்ளே வந்தவர் டூவா டாகோவைலோவா, அந்த வருஷம்தான் கல்லூரிக்கு வந்த பையன், பெரிய ஆட்டம் எதையும் ஆரம்பித்ததில்லை. அவர் 24 எறிந்து 14 சேர்த்தார், 166 யார்டு, 3 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது), ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்தது). நான்காம் கால்பகுதியில், விட்டால் பந்து போய்விடும் என்ற நான்காம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) கேல்வின் ரிட்லிக்கு எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் முதல் பிளேயிலேயே தடுமாறி 16 யார்டு பின்னால் விழுந்தார், அடுத்த பிளேயில் டெவோன்டா ஸ்மித்துக்கு 41 யார்டு எறிந்து 26-23 என்று ஆட்டத்தை முடித்தார்.

அதோடு முடியவில்லை. அடுத்த எட்டு மாசம் அலபாமா முழுக்க இதே பேச்சு: 26-2 வைத்திருக்கும் ஆளை எப்படி மாற்றுவது, ஒரே ஒரு அரை ஆட்டத்தை நம்பி முடிவெடுப்பதா? 2018-இல் டூவா ஸ்டார்ட்டர் ஆனார், 43 டச்டவுன் எறிந்தார். ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை, பெஞ்சில் இருந்தார். டிசம்பர் 1-ஆம் தேதி, அதே அட்லாண்டா, அதே ஜார்ஜியா, எஸ்இசி என்ற அவர்கள் லீக்கின் இறுதி ஆட்டம், டூவாவுக்குக் கணுக்காலில் அடி. 28-21 என்று பின்தங்கியிருந்த நேரத்தில் ஹர்ட்ஸ் இறங்கி 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். அப்புறம் பட்டம் வாங்கிக்கொண்டு ஓக்லஹோமா போய், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார், பின்னாளில் ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு 2025 பிப்ரவரியில் சூப்பர் போல் (தொழில்முறை இறுதி ஆட்டம்) ஜெயித்துக் கொடுத்து ஆட்ட நாயகனும் ஆனார்.

டூவா வேண்டும் என்றவர்களும் ஹர்ட்ஸ் வேண்டும் என்றவர்களும் தங்கள் வாதத்துக்கு இதில் சாட்சி எடுக்கலாம். அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்தக் கதையோடு ஒட்டிப் பாருங்கள்.

இது எந்த வகைச் சண்டை?

எல்லாச் சண்டையும் ஒன்றில்லை. பழைய ஆள் பட்டம் வாங்கிப் போய்விட்டார், இடம் காலி, யாருமே ஆடிக்காட்டவில்லை என்பது ஒரு வகை. ஜெயித்துக்கொண்டிருக்கும் மூத்தவருக்குப் பின்னால் ஐந்து நட்சத்திரப் பையன் (பள்ளியிலேயே உச்ச மதிப்பீடு வாங்கியவர்) வந்து நிற்பது இன்னொரு வகை, 2018-இல் கிளெம்சனில் கெல்லி பிரையன்ட், டிரெவர் லாரன்ஸ் விஷயம் அதுதான். ஸ்டார்ட்டருக்கு அடிபட்டு, மாற்று ஆள் நன்றாக ஆடிவிட்டார், முதல் ஆள் குணமாகித் திரும்புகிறார் என்பது மூன்றாவது. முதல் வகையில் பயிற்சியில் வந்த செய்திதான் கையில் இருக்கும், அதனால் அடித்துப் பேசக்கூடாது. மூன்றாவதில் இருவரும் ஆடியதைப் பார்த்திருப்பீர்கள், தைரியமாகப் பேசலாம்.

இரண்டாவது வகையில்தான் ரசிகர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஆடாத பையன் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை, செய்ய வாய்ப்பே வரவில்லை. ஆடுகிறவர் செய்த ஒவ்வொரு தப்பும் எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. இந்த இரண்டையும் தராசில் வைத்தால் ஆடாதவர் பக்கம்தான் எப்போதும் சாயும். யாராவது "பேக்கப்பை இறக்கு" என்றால், அவர் என்ன ஆடிப் பார்த்தீர்கள், யாருக்கு எதிராக என்று கேளுங்கள். கேள்வியை மரியாதையாகவே கேட்கலாம்.

எந்த மாதம் எந்தச் செய்தியை நம்பலாம்

வசந்தகாலப் பயிற்சியின் முடிவில் பல கல்லூரிகளில் ஒரு காட்சி ஆட்டம் நடக்கும், ஒரே அணி இரண்டாகப் பிரிந்து ஆடும். அதைப் பார்த்து ஆள் தேர்ந்தெடுக்காதீர்கள். குவார்ட்டர்பேக்குகள் தனி நிற ஜெர்சி போட்டிருப்பார்கள், அவர்களை யாரும் கீழே தள்ளக்கூடாது என்பது அதன் அர்த்தம். அடிவிழும் என்ற பயம் இல்லாமல் எறிவதும், 130 கிலோ ஆள் ஓடிவரும்போது எறிவதும் வேறு வேறு. டிஃபென்ஸும் அங்கே எளிமையான ஆட்டம்தான் ஆடும், தன் திட்டத்தை டிவியில் யாரும் காட்ட மாட்டார்கள்.

ஆகஸ்ட் முகாம் பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நடக்கும். அங்கிருந்து வரும் ஒரே உருப்படியான செய்தி, முதல் அணியோடு யார் அதிக ஸ்னாப் எடுக்கிறார், அதாவது அதிக பிளே ஆடுகிறார், என்பது. கோச் பேட்டியில் எல்லோரையும் பாராட்டுவார், அதை ஒதுக்கிவிடலாம். சீசன் தொடங்கும் வாரம் வரும் ஆட்டக்காரர் பட்டியலில் இரண்டு பெயருக்கு நடுவே "அல்லது" என்று போட்டிருந்தால், கோச் இன்னும் முடிவெடுக்கவில்லை, அல்லது எடுத்ததை எதிரணிக்குச் சொல்ல விரும்பவில்லை.

முதல் ஆட்டங்கள் பெரும்பாலும் சின்ன அணிகளுக்கு எதிராக இருக்கும். 2022-இல் மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா, முதல் ஆட்டத்தை கேட் மெக்நமாராவுக்கும் இரண்டாவதை ஜே.ஜே. மெக்கார்த்திக்கும் கொடுத்துப் பார்த்தார். மெக்கார்த்தி ஹவாய்க்கு எதிராக 12 எறிந்து 11 சேர்த்தார், இடம் அவருக்குப் போனது. எதிரணி பலமில்லாதது என்று வாதாடியவர்கள் இருந்தார்கள், நியாயமான வாதம்தான், ஆனால் அடுத்த சீசனில் மிச்சிகன் 15-0 என்று அவரோடு தேசியப் பட்டம் வாங்கியது.

எண்களைப் படிக்கும் விதம்

நாலே எண் போதும். எறிந்ததில் எத்தனை சதவீதம் சேர்ந்தது, ஒரு எறிக்கு எத்தனை யார்டு, டச்டவுன் எத்தனை, இன்டர்செப்ஷன் எத்தனை. இதில் எனக்கு முக்கியமானது ஒரு எறிக்கு எத்தனை யார்டு என்பது. மொத்த யார்டு ஏமாற்றும், பின்தங்கியிருக்கும் அணி எறிந்துகொண்டே இருக்கும், யார்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த அட்லாண்டா ஆட்டத்தில் ஹர்ட்ஸுக்கு ஒரு எறிக்கு 2.6 யார்டு, டூவாவுக்கு 6.9.

கல்லூரி ரேட்டிங் என்று ஒரு எண் காட்டுவார்கள், அதை நீங்களே போடலாம். யார்டை 8.4-ஆல் பெருக்குங்கள், ஒரு டச்டவுனுக்கு 330, சேர்ந்த ஒவ்வொரு எறிக்கும் 100 கூட்டுங்கள், ஒரு இன்டர்செப்ஷனுக்கு 200 கழியுங்கள், மொத்தத்தை எறிந்த எண்ணிக்கையால் வகுங்கள். டூவாவுக்கு 149 வருகிறது, ஹர்ட்ஸுக்கு 60-ஐத் தொடவில்லை. ஆனால் ஹர்ட்ஸ் எறிந்தது எட்டே எட்டு, எட்டு எறியை வைத்து யாரையும் எடைபோட முடியாது என்று அன்று அவர் பக்கம் பேசியவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ரேட்டிங்கைத் தள்ளிவையுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் தவறவிடும் ஒன்று: கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் எறிவதற்கு முன்பே பிடிபட்டு இழக்கும் யார்டை அவருடைய ஓட்டக் கணக்கில் கழித்துவிடுவார்கள். தொழில்முறை என்எஃப்எல்லில் அப்படி இல்லை. அதனால் "இவர் 10 தடவை ஓடி மைனஸ் 5 யார்டு" என்று பார்த்து ஓடத் தெரியாதவர் என்று முடிவுகட்டாதீர்கள். நன்றாக ஓடியிருப்பார், லைன் ஓட்டையாக இருந்து நாலு தடவை மாட்டியிருப்பார்.

35-0 என்று முன்னிலை போனபின் நான்காம் கால்பகுதியில் வந்த எண்களையும் சேர்க்காதீர்கள். அவ்வளவுதான் எண்.

டிவியில் எங்கே பார்ப்பது

பந்து பறந்ததும் கேமரா பந்தோடு போய்விடும், அதனால் பந்து கையில் இருக்கும்போதே குவார்ட்டர்பேக்கைப் பார்க்கப் பழகுங்கள். பந்து கைக்கு வந்ததிலிருந்து மனசுக்குள் எண்ணுங்கள். இரண்டரை, மூன்று விநாடியில் கையை விட்டுப் போனால் அவருக்கு எதிரே நடப்பது புரிகிறது. நாலு விநாடி வரை அடிக்கடி வைத்திருந்தால் ஒன்று ரிசீவர் யாரும் விடுபடவில்லை, இல்லை அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னாலிருந்து மைதானத்தைக் காட்டும் ரீப்ளே வந்தால் எது என்று தெரியும்.

அடுத்து அவர் தலை. ஆரம்பத்திலிருந்தே ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டு அவருக்கே எறிகிறவரை நல்ல டிஃபென்ஸ் இரண்டாம் பாதியில் படித்துவிடும். டூவாவின் அந்த 41 யார்டு எறியைத் தேடி எடுத்துப் பாருங்கள். முதலில் வலப்பக்கம் பார்க்கிறார், ஆழத்தில் காவலுக்கு நின்ற சேஃப்டி (கடைசித் தடுப்பு ஆள்) அந்தப் பக்கம் கட்டுப்பட்டு நிற்கிறார், பிறகு இடப்பக்கம் ஓடும் ஸ்மித்துக்கு எறிகிறார். அதற்கு ஒரு பிளே முன்னால்தான் 16 யார்டு பின்னால் விழுந்தவர் அவர். தப்பு செய்த அடுத்த பிளேயில் என்ன செய்கிறார் என்பதை வேறு எதைவிடவும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது வராது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் டவுனில் ஏழு எட்டு யார்டு வேண்டும் என்ற நிலைமைகளைத் தனியாகக் கவனியுங்கள். எறியப்போகிறார் என்று எதிரணிக்கும் தெரியும், அப்போது எறிந்து முதல் டவுன் (புதிதாக நாலு வாய்ப்பு) எடுப்பவர்தான் ஸ்டார்ட்டர்.

லைன், ரிசீவர், அட்டவணை

லைன் பலவீனமான அணிக்கு, பாக்கெட்டில் (லைன் காத்துக் கொடுக்கும் இடத்தில்) நின்று தூரம் எறியும் ஆளைவிட, வெளியே ஓடித் தப்பிக்கத் தெரிந்தவர் உபயோகப்படுவார். ரிசீவர்கள் வேகமானவர்களாக இருந்து ஆழமாக எறியத் தெரியாதவர் ஸ்டார்ட்டர் என்றால் அது விரயம். 2018-இல் டூவா பக்கம் தராசு சாய்ந்ததற்கு இதுவும் காரணம், ஜெர்ரி ஜூடி, டெவோன்டா ஸ்மித், ஹென்றி ரக்ஸ் என்று ஓடுகிறவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஆழமாக எறிய ஒருவர் தேவைப்பட்டார்.

டிஃபென்ஸ் பிரமாதமாக இருக்கும் அணிக்குத் தேவை வேறு. ஸ்டெட்சன் பென்னட் ஜார்ஜியாவுக்கு உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்தவர், நடுவில் ஒரு வருஷம் மிசிசிப்பியில் சின்னக் கல்லூரிக்குப் போய்த் திரும்பியவர். 2021-இல் ஸ்டார்ட்டர் ஜே.டி. டேனியல்ஸுக்கு அடிபட்டதால் இடம் கிடைத்தது. எஸ்இசி இறுதியில் அலபாமாவிடம் 41-24 என்று தோற்றதும் டேனியல்ஸை இறக்கச் சொல்லி ஒரே சத்தம். கோச் கிர்பி ஸ்மார்ட் அசையவில்லை. பென்னட் அடுத்து மிச்சிகனை 34-11, அப்புறம் அதே அலபாமாவை 33-18 என்று ஜெயித்தார், மறுவருஷமும் பட்டம் வாங்கினார். கை பலத்தை மட்டும் பார்த்திருந்தால் அவரை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

உட்காரவைக்கப்பட்டவர் என்ன செய்வார்?

இதை மறந்துவிட்டுப் பேசினால் பாதி விவாதம்தான். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் பட்டியல்) வந்தது, 2021-இலிருந்து ஒரு வருஷம் சும்மா உட்காராமலே இன்னொரு கல்லூரியில் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. நாலு ஆட்டத்துக்கு மேல் ஆடாவிட்டால் அந்த வருஷம், கல்லூரியில் ஆட அனுமதி உள்ள வருஷங்களின் கணக்கில் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற விதி 2018 சீசனிலேயே இருந்தது. கிளெம்சனில் நாலு ஆட்டம் ஜெயித்தபின் லாரன்ஸ்தான் ஸ்டார்ட்டர் என்று கோச் டேபோ ஸ்வீனி அறிவித்ததும், பிரையன்ட் அந்த வாரமே விலகினார், மிஸ்ஸூரிக்குப் போனார். அடுத்த சனிக்கிழமை சிரக்யூஸ் ஆட்டத்தில் லாரன்ஸுக்கு அடிபட்டது! மூன்றாவது ஆள் சேஸ் பிரைஸ் இறங்கி, கடைசியில் 94 யார்டு கொண்டுபோய் 27-23 என்று காப்பாற்றினார். அந்த டிரைவ் தவறியிருந்தால் கிளெம்சனின் 15-0 இல்லை.

அதனால் உங்கள் ஆளைச் சொல்லும்போதே, மற்றவர் போய்விட்டால் அடுத்து யார் என்பதையும் சொல்லுங்கள். ஒஹையோ ஸ்டேட் 2014-இல் பட்டம் வாங்கியது மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துத்தான். பிராக்ஸ்டன் மில்லருக்கு ஆகஸ்டிலேயே தோளில் அடி, ஜே.டி. பேரட்டுக்கு மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் உடைந்தது, கார்டேல் ஜோன்ஸ் வந்து மூன்று ஆட்டம் ஆடி மூன்றையும் ஜெயித்தார்.

இரண்டு பேரையும் ஆடவிடலாமே?

கண்டிப்பாக யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் சரிவராது, இரண்டு பேருக்குமே தாளம் பிடிபடாது. அதே ஒஹையோ ஸ்டேட் 2015-இல் ஜோன்ஸ், பேரட் இருவரையும் வைத்துக்கொண்டு இழுபறியில் இருந்தது, ஒரே ஒரு ஆட்டம், மிச்சிகன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்று பிளேஆஃபுக்கே (தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று) போகவில்லை. 1999-இல் மிச்சிகனில் டாம் பிரேடிக்கு முதல் கால்பகுதி, டிரூ ஹென்சனுக்கு இரண்டாவது, பிறகு யார் நன்றாக ஆடினாரோ அவர் என்று கோச் லாயிட் கார் நடத்திப் பார்த்தார், சீசன் நடுவில் கைவிட்டு பிரேடியிடமே கொடுத்துவிட்டார்.

சரிவந்த உதாரணம் 2006 ஃபுளோரிடா. கிறிஸ் லீக் ஸ்டார்ட்டர், முதல் வருஷப் பையன் டிம் டீபோ ஒன்றிரண்டு யார்டு முட்டி எடுக்க வேண்டிய இடங்களில் வருவார். யாருக்கு என்ன வேலை என்பதில் குழப்பமே இல்லை, பட்டமும் வாங்கினார்கள். வேலையைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடிந்தால் மட்டும் இந்த யோசனையை ஆதரியுங்கள்.

எப்படிப் பேசுவது

இவர்கள் 18 முதல் 22, 23 வயதுப் பையன்கள். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்க அனுமதி இருக்கிறது, சிலருக்குப் பெரிய தொகை. அதனால் என்ன வேண்டுமானாலும் திட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எறியைப் பற்றிப் பேசுங்கள், எடுத்த முடிவைப் பற்றிப் பேசுங்கள். பையனுக்கோ அவர் வீட்டாருக்கோ செய்தி அனுப்பாதீர்கள், யார் அனுப்பினாலும் அங்கேயே தடுத்துச் சொல்லுங்கள்.

பேச்சில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: உங்கள் ஆள் யார், நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு பிளே, என்ன நடந்தால் மனசை மாற்றிக்கொள்வீர்கள். மூன்றாவதை ஆகஸ்டிலேயே எழுதிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் கட்சி மாறிக்கொண்டிருப்பீர்கள். 2014-இல் பேரட் தன் இரண்டாவது ஆட்டத்திலேயே அணியின் சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்றார், அன்று இரவு அவரை மாற்றச் சொன்னவர்கள் நவம்பரில் அவருக்குக் கை தட்டினார்கள். நான் மூன்று பலமான எதிரணி வரை பொறுப்பேன்.

கோச் ஆளை மாற்றிவிட்டால், அடுத்த ஆட்டத்தில் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்னால் முதல் மூன்று டிரைவ்களில் கோச் என்ன பிளே அழைக்கிறார் என்று பாருங்கள். பழைய ஆளுக்கு அழைத்த அதே குட்டை எறிகளும் அதே ஓட்டங்களும் என்றால், பிரச்சினை குவார்ட்டர்பேக்கிடம் இல்லாமல் பிளே அழைப்பவரிடம் இருக்கலாம், அடுத்த வாரம் அதைப் பேசுங்கள்.